வியாழக்கிழமை எதிராளி

அன்பு மாப்பிள்ளை வரதா,

நீ இருக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டா, தெரியவில்லை. இங்கே இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி ஆகிறது. சட்டைப் பையில் மடித்த சீட்டோடு நீ படியேறி வரும் நேரம்.

மூன்று வருடமாக உன்னைப் பற்றி எழுதியவன் இன்றைக்குத்தான் உனக்கு எழுதுகிறேன். சரோஜா சொல்லித்தான் எழுதுகிறேன். "ஊருக்கெல்லாம் அவரப் பத்திச் சொல்றியே அண்ணா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். என் தங்கை, உன் மனைவி. அதனால் கேட்கிறேன். எந்த இடத்தில் உன் பெயரைக் கெடுத்தேனோ அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி கேட்கிறேன்.

அந்த இடத்தின் பெயர் வலைப்பதிவு. உன் காலத்துக்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம். பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை இருக்குமே, அதை நினைத்துக்கொள். மேலே நான் எழுதுகிறேன். கீழே போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பின்னூட்டம் என்று பெயர். பெயர் போடாமலும் எழுதலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அனானி என்று பெயர். என் பலகைக்கு 'மேசைப்படை' என்று பெயர் வைத்தேன். நாம் ஆடிய போர்களைப் பழைய நோட்டுகளிலிருந்து எடுத்து வாரம் ஒன்றாக எழுதினேன்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பின்னால் நின்று படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

நீ பட்டுப் புடவைக்கு கிராஃப் போடுகிறவன், அதாவது நெய்ய வேண்டிய டிசைனைக் கட்டத்தாளில் வரைகிறவன். நான் கணக்கு வாத்தியார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு ஒருநாள் வந்தாய். நாலு பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி நின்று ஈயச் சிப்பாய்களை நகர்த்தும் படம். "நம்மளும் ஆடலாம் மச்சான்" என்றாய். ஈயச் சிப்பாய்க்கு எங்கே போவது? தறியில் டிசைன் விழுவதற்காக மாட்டும், துளை போட்ட ஜக்கார்டு அட்டைகளில் வீணாய்ப் போனவற்றை வெட்டினாய். ஒரு துளை இருந்தால் காலாட்படை, இரண்டு துளை குதிரைப்படை, மூன்று துளை பீரங்கி. டிசைன் போடும் கட்டத்தாளில் ஒரு நாட்டை வரைந்தாய்: ஒரு கோட்டை, ஓர் ஆறு, இரண்டு கிராமம், ஓர் ஏரி.

கோட்டைக்குள் இருக்கும் சிவப்புப் படை எப்போதும் என்னுடையது. கோட்டையைப் பிடிக்க வரும் நீலப் படை எப்போதும் உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை உன் நகர்வைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவாய். நான் அங்கேயே யோசித்து என் பதில் நகர்வை எழுதித் தருவேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். "இப்பவே ஆடேன்டா" என்றால், "யோசிச்சி அடுத்த வாரம் சொல்றேன் மச்சான்" என்பாய். எந்தப் படை மோதினால் எது ஜெயிக்கும் என்று நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பகடை வேண்டாம் என்றதும் நீதான். "கட்டை உருட்டினா அதிர்ஷ்டம். உன் கணக்குப் பட்டியல் இருக்குதே, அதான் நேர்மை" என்றாய். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? உச்சி குளிர்ந்துபோனேன். பதினான்கு வருடம் பகடை இல்லாமல் ஆடினோம்.

இன்றைக்கு இந்த மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பகடை கிடையாது. உன் பதில் நகர்வு அன்றைக்கே கிடையாது. பக்கம் மாற்றி ஆடியது கிடையாது. முப்பது வருடம் பரீட்சை அறையில் மேற்பார்வை பார்த்தவன் நான். மூன்றும் என் மூக்குக்கு முன்னாலேயே இருந்தன. எப்படிப் பார்க்காமல் விட்டேன்?

வலைப்பதிவு ஆரம்பித்த புதிதில் என் சந்தேகமெல்லாம் அனானிகள் மேல்தான். "பெருசு, பேரப் பசங்க பொம்மையைப் புடுங்கி விளையாடாதே" என்று ஒருவர் எழுதினார். யாராக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். வகுப்பில் பெயரில்லாத விடைத்தாள் வந்தால் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். கணினியில் எல்லோருக்கும் ஒரே கையெழுத்து. அதனால் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரரை, பழைய மாணவர்களை, ஒருமுறை என் சொந்தப் பிள்ளையைக்கூட.

இன்னொன்றும் நடந்தது. ஆடும்போது தெரியாதது எழுதும்போது தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கணக்கும் சரியாக இருக்கும். நோட்டு முழுவதையும் புரட்டினால்தான் பையனின் குணம் தெரியும். அப்படி உன் நீலப் படையைப் புரட்டிப் பார்த்தேன். அது மலையிலிருந்து உருளும் பாறை மாதிரி வருகிறது. தயங்குவதே இல்லை. நீயோ கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுக்க அரை மணி நேரம் நிற்கிற ஆள். 'சாதுவான மனிதருக்குள் இப்படியொரு வேகம்' என்று பெருமையாக ஒரு பதிவே எழுதினேன். அப்போதாவது சந்தேகம் வந்ததா? இல்லை. பாசம் இருக்கும் இடத்தில் வாத்தியாருக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

போன ஆடி மாதம் ஓர் அனானி வந்து, வேறொரு வலைப்பதிவின் முகவரியைப் போட்டுவிட்டுப் போனார். திறந்தேன். நம் வரைபடம் அங்கே இருந்தது.

நம்முடையதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? ஓர் உதாரணம் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பையன்கள் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எழுதினால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. சரியான விடை யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு பேரும் ஐம்பத்து நான்கு என்று எழுதினால் எழுப்பி நிறுத்திவிடுவேன். தப்புக்குச் சொந்தக்காரன் உண்டு.

நம் வரைபடத்தில் ஒரு தப்பு இருந்தது. நான் பென்சிலில் போட்டுக் கொடுத்த படத்தில் ஏரி கோட்டைக்குக் கிழக்கே. நீ கட்டத்தாளில் ஏற்றும்போது எல்லாமே இடம் வலம் மாறிவிட்டது. முந்தானையில் பெயர் நெய்யக் கொடுத்தால் கிராஃபில் எழுத்தைத் திருப்பித்தான் போடுவாய். தறியில் புடவையின் முகம் கீழே பார்த்து இருக்கும் என்பாய். அந்தக் கைப்பழக்கம். மூன்று போர் ஆடிய பிறகுதான் கண்டுபிடித்தோம், சிரித்தோம், அப்படியே விட்டுவிட்டோம். ஆனால் வலைப்பதிவில் எழுதும்போது வாத்தியார் புத்தி விடவில்லை. ஒவ்வொரு பதிவிலும் ஏரி கிழக்கே என்று திருத்தித்தான் எழுதினேன். ஆக, ஏரியை மேற்கே வைத்து எவன் படம் போட்டாலும் அவன் உன் தாளைப் பார்த்தவன்.

அன்றைக்கே எழுதினேன். 'முசரவாக்கத்துத் திருடர்' என்று தலைப்பு. அந்த வலைப்பதிவில் ஊர்ப்பெயர் மட்டும்தான் இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் சரோஜாவிடம் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். வரைபடமும் அட்டைகளும் வைத்திருக்கும் உன் இரும்புப் பெட்டியை யார் திறந்தது என்று கேட்டேன்.

"யாரும் தொடலண்ணா. சாவி என் இடுப்புல இருக்குது."

"வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தாங்களே?"

"வெள்ளை அடிக்கிறவனுக்கு இந்த அட்டைய வெச்சிக்கினு இன்னா வேலை? உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? பால் ஊத்துறவர் மேல கூடப் படுவ நீ."

பெட்டியைத் திறந்தாள். வரைபடம் மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்படியானால் இன்னொரு பிரதி இருக்கிறது. அந்தக் கட்டங்களை அத்தனை துல்லியமாக இரண்டாவது தடவை போடக்கூடிய கை இந்த ஊரில் ஒன்றுதான். திருடரைத் தேடிக்கொண்டு போனவன் உன்னிடம் வந்து நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பின்னூட்டம் வந்தது. "சார், திருடன்னு எழுதினது பரவால்ல. ஆனா ஏரி மேற்கால தான் இருக்குது. அத மொதல்ல திருத்துங்க. நீங்க எழுதற போரெல்லாம் நான் ஆடினது. எங்க கிடைச்சிது உங்களுக்கு?" கீழே கைப்பேசி எண். பெயர் கன்னியப்பன்.

ஷேர் ஆட்டோ பிடித்து முசரவாக்கம் போனேன். வீட்டுக்கு முன்னால் போர்வெல் லாரி நின்றது. என் வயசுதான் இருக்கும் அவருக்கு. தோள் மட்டும் இன்னும் இருபது வயது குறைவு. உன் வீட்டில் கிணறு வற்றிய வருடம் போர்வெல் போட வந்தவராம். தண்ணீர் வர இரண்டு நாள் ஆயிற்றாம். அந்த இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நீ அட்டை வெட்டிக்கொண்டிருந்தாயாம்.

"இது இன்னா சார்னு கேட்டேன். படைன்னாரு. எனக்கும் சொல்லிக் குடுங்கன்னேன். அதிலிருந்து வியாழக்கெழமன்னா வந்துடுவாரு. ஐயம்பேட்டைல கிராஃப் குடுத்துட்டு அப்படியே இங்க."

"நீங்கள் எந்தப் படை?"

"நீலம். எப்பவும் நீலம்தான். சாரு செவப்பு."

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மறுபடி கேட்டேன். சரியாகத்தான் விழுந்தது.

அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவுக்காகத் தட்டச்சு செய்கிறவள் அவள்தான். "அங்கிள், உங்க பிளாக்க அப்பாவுக்கு நான்தான் படிச்சிக் காட்டுவேன். பாதில எழுந்து 'ஐயோ, இது என் மூவ் ஆச்சே'ன்னு கத்துவாரு. அதான் நாங்களும் ஒண்ணு ஆரம்பிச்சோம்" என்றாள்.

கன்னியப்பன் தம் நோட்டை எடுத்து வந்தார். நான் பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். இரண்டையும் ஒரு நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். அவர் வியாழக்கிழமை எழுதிய நகர்வு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்திருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை எழுதிய நகர்வு, வியாழக்கிழமை அவருக்குப் போயிருந்தது. ஒரு கட்டம் பிசகவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் பதினான்கு வருடம் ஒருவரோடு ஒருவர் போர் புரிந்திருக்கிறோம். முகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செவப்புப் படை ஒரு அடி வெக்கறதுக்குள்ள ஒம்போது தடவ திரும்பிப் பாக்கும் சார்," என்றார் கன்னியப்பன். "வரதன் சாரு அவ்ளோ சந்தேகக்காரர் இல்லையேன்னு நெனப்பேன். இப்பத்தான் தெரியுது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. அந்தப் பாறை நீ இல்லை. நான் பெருமைப்பட்ட வேகம் உன்னுடையது இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! எதிரே உட்கார்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, யோசிப்பது போல் இருந்தாயே, எதை யோசித்தாய்? உன்னோடு ஆடியதாக நினைத்ததெல்லாம் தபால்காரரோடு பேசிய பேச்சா?

வீட்டுக்கு வந்த வேகத்தில் எழுதினேன். 'ஆடாத ஆட்டக்காரர்' என்ற அந்தப் பதிவை. காப்பியடித்த மாணவனைப் பற்றி எழுதுவது போல உன்னைப் பற்றி எழுதினேன். அதுவரை 'மாப்பிள்ளை' என்று மட்டுமே எழுதிவந்தவன், உன் பெயர், தெரு, தொழில் எல்லாவற்றையும் போட்டேன். இதுவரை எந்தப் பதிவுக்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. அனானிகள் கைதட்டினார்கள். எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மருமகள் வேலை செய்யும் இடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து சரோஜாவிடம் சொல்லியிருக்கிறாள். சரோஜா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஏமாத்துக்காரர்னு எழுதினியா?"

"அந்த வார்த்தை எழுதலம்மா."

"வேற எந்த வார்த்தை எழுதின? அவர் உன்கிட்ட இன்னா எடுத்துக்கினார்? சொல்லு. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா வெளிய போற சட்டைய மாட்டிக்கினு, மச்சான் காத்துக்கினு இருப்பாருன்னு ஓடி வந்தாரே, அது பொய்யா?"

அந்தக் கேள்விதான் என்னையும் குடைகிறது, அது பொய்யா என்றுதான் நானும் கேட்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அப்போதுதான், அவரிடமே கேள் என்றாள். இனி உன்னைப் பற்றி நான் ஒரு வரி எழுதினாலும் என் வீட்டு வாசலை அவள் மிதிக்க மாட்டாள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

உன்னிடம் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி விடைத்தாளைத் திரும்பத் திருத்துவது. மறுபடி முசரவாக்கம் போனேன். முதல் போரிலிருந்து கடைசிப் போர் வரைக்கும், ஒரு நகர்வு விடாமல், கன்னியப்பன் படிக்கப் படிக்க நான் சரி போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு நாள் ஆயிற்று. கடைசிப் போரில், நீ நெஞ்சு வலி வந்து படுத்த பிறகான பக்கத்துக்கு வந்தோம். என் பென்சில் நின்றது.

"குதிரைப்படை, தெற்கு வாசல் மேல பாயுது," என்று அவர் படித்தார்.

என் நோட்டில் அப்படி இல்லை. எனக்கு நீ கொடுத்த சீட்டில் நீலக் குதிரைப்படை பின்வாங்குகிறது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வியாதியில் தடுமாறுகிறாய் என்று நினைத்தேன். துரத்திக்கொண்டு கோட்டையை விட்டு வெளியே வந்தேன். பதினான்கு வருடத்தில் நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நாலு வாரத்தில் என் கோட்டை போயிற்று.

"நீங்க செவப்புப் பீரங்கிய கிராமத்துக்குக் கொண்டாந்தீங்களே, அது?" என்று கேட்டார் அவர். நான் அப்படி ஒரு நகர்வு எழுதவே இல்லை. அந்த ஆறு வாரத்தில் எனக்கு வந்த எதுவும் அவருடையது இல்லை. அவருக்குப் போன எதுவும் என்னுடையது இல்லை. என்னை வென்றிருக்கிறாய். அவரிடம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாய்.

உடனே எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, மாப்பிள்ளை. சந்தேகம்தான். ஞாயிறு நான், வியாழன் இவர். செவ்வாய்க்கிழமை யார்? இரண்டு பேரை வைத்து ஆடியவனுக்கு மூன்றாவதாக ஒருவர் இருக்கக் கூடாதா? அந்தப் பின்வாங்கல் ரொம்ப நல்ல நகர்வு. அதை யார் யோசித்தது? உன் ஆட்டம் என்றால் அடையாளம் தெரியும் என்று சொல்லவும் வழியில்லை. உன் ஆட்டத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லையே.

கன்னியப்பன் மேலும் சந்தேகம் வந்தது. நோட்டைப் பின்னால் திருத்தியிருப்பாரோ என்று மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் மேலயா சந்தேகம்? படுங்க சார், படுங்க. நானும் உங்க நோட்ட அப்படித்தான் பாத்துக்கினு இருக்கேன். எங்கிட்டருந்து வாங்கி உங்களுக்கு வித்துட்டாரோன்னு நான் எத்தினி நாள் அழுதேன் தெரியுமா?" என்றார். அப்போதுதான் அவர் நோட்டின் மேலுறையைப் பார்த்தேன். 'வரதன் சாருடன் ஆடியது' என்று எழுதியிருந்தது. என் நோட்டில் 'வரதனுடன்' என்று இருக்கும். ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

சரோஜாவிடம் போய், அந்த ஆறு வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பதில் சொன்னாள். டாக்டர் வந்தார், நான் வந்தேன், வேறு யாரும் இல்லையாம். வியாழக்கிழமை நீ அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, முசரவாக்கம் பஸ் கண்டக்டரிடம் சேர்க்கச் சொல்வாயாம். கண்டக்டர் கொண்டுவருகிற பதிலை அவள் வாங்கி வைப்பாளாம்.

"எழுதும்போது பக்கத்தில் யாராவது இருந்தாங்களா?"

"நான்தான் இருந்தேன். எழுதுவார், அடிப்பார், எழுதுவார். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடும். வியாதின்னு நெனச்சி டாக்டர்கிட்ட கூடச் சொன்னேன். நீ கெளம்பினதும் நின்னுடும்."

"முன்னால எல்லாம்? நல்லா இருந்த காலத்துல?"

"அப்பல்லாம் எதுக்குண்ணா நடுங்கணும்? சிரிச்சிக்கினே தான போவார்."

திரும்பி நடக்கும்போது பெருமாள் கோயில் மதில் ஓரம் சற்று நின்றேன். பரீட்சைக்குப் படிக்காத பையனுக்குக் கை நடுங்கும். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுகிறவனுக்கு நடுங்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு மனைவியின் சாட்சியை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுதினால், அதை நீயே ஒப்புக்கொள்ள மாட்டாய்.

ஆகவே நான் செய்யப் போவது இது. 'ஆடாத ஆட்டக்காரர்' பதிவை அழிக்கப் போவதில்லை. அழித்தால் நான் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். அதன் தலையில் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன். கீழே அந்த ஆறு வாரத்தின் நகர்வுகளையும், இரண்டு பக்கத்து நகர்வுகளையும், ஒரு கட்டம் விடாமல் போடுகிறேன். செவ்வாயோ வெள்ளியோ வரதனோடு ஆடியவர் எவராவது இருந்தால், 'இது என் நகர்வு' என்று சொல்லட்டும். சொன்னால் நோட்டோடு போய்ப் பார்ப்பேன். சும்மா விட மாட்டேன்.

பொங்கல் வரைக்கும் காத்திருப்பேன். தினமும் காலையில் பின்னூட்டப் பெட்டியைத் திறப்பேன். யாரும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே திறப்பேன். அதுவரைக்கும் யாரும் வராவிட்டால், அந்தப் பின்வாங்கலுக்கு மேலே உன் பெயரை எழுதி, அதில் தோற்றவன் என்று என் கையெழுத்தைப் போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சரோஜாவின் அண்ணன்